பெரிதாக்கிப் பார்க்கும் பழைய படங்கள்: பின்னால் இயங்கும் திறந்த மூலச் சேவையகமும் அதன் பராமரிப்பும்

1822ஆம் ஆண்டில் லெப்டினன்ட் ஃபிலிப் ஜாக்சன் வரைந்த சிங்கப்பூர் நகரத் திட்டத்தில், சிங்கப்பூர் ஆற்றையொட்டி ‘சூலியா கம்போங்’ என்ற பெயர் பொடி எழுத்தில் குறிக்கப்பட்டிருக்கிறது. சோழமண்டலக் கரையிலிருந்து வந்தவர்களுக்கு இந்த நகரில் தொடக்கத்திலேயே ஓர் இடம் வகுக்கப்பட்டதற்கு அது சான்று. அத்தகைய வரைபடங்களையும் பழைய நாளிதழ்ப் பக்கங்களையும் ஓலைச்சுவடிகளையும் இன்று வீட்டிலிருந்தபடியே திரையில் பெரிதாக்கி, ஒவ்வோர் எழுத்தாகப் படிக்க முடிகிறது.

இந்த வசதியைப் பயன்படுத்துவோருக்குச் சில குழப்பங்கள் ஏற்படுவதுண்டு. படம் முதலில் மங்கலாக வந்து பிறகு கட்டம் கட்டமாகத் தெளிவது ஏன்? நூற்பெயரும் விவரங்களும் ஒழுங்காக வந்திருக்க, படம் இருக்க வேண்டிய இடம் மட்டும் சில நாள்களில் சாம்பல் நிறமாகக் கிடப்பது ஏன்? இயங்கும் மென்பொருள் திறந்த மூலம், அதாவது எவரும் இலவசமாக எடுத்துக்கொள்ளக்கூடியது எனும்போது, பராமரிப்புக்கென்று ஆண்டுதோறும் ஏன் செலவிட வேண்டும்? மூன்று கேள்விகளுக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது. படச் சேவையகம் எனப்படும் இமேஜ் சர்வர் என்ன செய்கிறது என்பது தெரிந்துவிட்டால், அதைப் பராமரிப்பது ஏன் ஓயாத வேலை என்பதும் விளங்கும்.

ஒரு படத்தின் கனம்

நல்ல தரத்தில் வருடப்பட்ட, அதாவது ஸ்கேன் செய்யப்பட்ட, ஒரு வரைபடத்தின் அகலம் 40,000 பிக்சல், உயரம் 30,000 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 120 கோடி பிக்சல்கள். ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று பைட் தேவைப்படுவதால், சுருக்கப்படாத நிலையில் அந்தப் படம் 3.6 கிகாபைட் இடத்தை அடைக்கும். ஆனால் சாதாரணக் கணினித் திரையில் 1920க்கு 1080, அதாவது ஏறத்தாழ 20 லட்சம் பிக்சல்கள்தான் உள்ளன. எந்த ஒரு கணத்திலும் வாசகர் கண்ணுக்குத் தெரிவது முழுப் படத்தின் தரவில் மிகச் சிறிய பங்கு மட்டுமே. எனவே முழுக் கோப்பையும் அனுப்புவது வீண். கைப்பேசியில் பார்ப்பவருக்கோ அது நடக்கவே நடக்காது.

இதற்கான தீர்வு இரண்டு எண்ணங்களின் சேர்க்கை. படத்தைப் பாதி, கால், அரைக்கால் என்று அடுக்கடுக்காகச் சிறிதாக்கி வைத்துக்கொள்வது முதலாவது. இதைப் படப் பிரமிடு என்பார்கள். ஒவ்வோர் அடுக்கையும் சிறு சதுரத் துண்டுகளாக, அதாவது டைல்களாக, வெட்டி வைப்பது இரண்டாவது. மேற்கண்ட படத்தை 256 பிக்சல் சதுரங்களாக வெட்டினால் அடித்தளத்தில் மட்டும் 18,526 டைல்கள் இருக்கும். அவற்றில் ஒரு திரையை நிரப்ப ஐம்பது அறுபது போதும். எட்டு முறை பாதியாக்கினால் முழு வரைபடமும் ஒரே டைலுக்குள் அடங்கிவிடும். இத்தனை அடுக்குகளையும் சேர்த்து வைப்பதற்கு மூலப் படத்தைவிட மூன்றில் ஒரு பங்கு இடம்தான் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

படம் முதலில் மங்கலாக வந்து பிறகு தெளிவதன் காரணம் இதுதான். சிறிய அடுக்கின் டைல் முதலில் வந்து இடத்தை நிரப்புகிறது. பெரிய அடுக்கின் டைல்கள் பின்னால் வந்து அதன் மேல் அமர்கின்றன.

சேவையகம் செய்யும் வேலை

உலாவியில் இயங்கும் காட்டும் கருவிக்கும், வன்தட்டில் இருக்கும் பெரிய கோப்புக்கும் நடுவே நிற்பதுதான் படச் சேவையகம். ஒவ்வொரு கோரிக்கைக்கும் அது செய்வன:

1. வந்த முகவரியைப் பிரித்து, எந்தப் படம், எந்தப் பகுதி, எவ்வளவு அகலம், எந்தக் கோணம், எந்தக் கோப்பு வடிவம் என்பதைப் புரிந்துகொள்கிறது.
2. கோப்பைத் திறந்து, கேட்ட அளவுக்கு மிக நெருக்கமான அடுக்கைத் தேர்ந்தெடுக்கிறது.
3. அந்தப் பகுதிக்குரிய டைல்களை மட்டும் வாசித்து, சுருக்கம் நீக்கி, தேவையானால் ஒட்டி, அளவு மாற்றுகிறது.
4. விளைவை ஜேபெக் போன்ற வடிவில் மீண்டும் சுருக்கி அனுப்புகிறது. அடுத்தவர் கேட்டால் கொடுப்பதற்காக ஒரு படியைக் கேஷில், அதாவது தற்காலிகச் சேமிப்பில், வைத்துக்கொள்கிறது.

ஒருவர் வரைபடத்தைச் சில விநாடிகள் இழுத்து நகர்த்தினாலே இப்படி நூற்றுக்கணக்கான கோரிக்கைகள் எழும். ஒவ்வொன்றுக்கும் சில மில்லிவிநாடிகள் தாமதம் கூடினால்கூட வாசகர் அதை உணர்வார்.

இத்துறைக்கு நீண்ட வரலாறு உண்டு. கோடாக், ஹியூலெட் பேக்கார்ட், லைவ் பிக்சர் ஆகிய நிறுவனங்கள் 1990களின் பிற்பகுதியில் ‘இன்டர்நெட் இமேஜிங் புரோட்டகால்’ என்னும் நெறியை உருவாக்கின. சி பிளஸ் பிளஸ் மொழியில் எழுதப்பட்ட ஐஐபிஇமேஜ் என்ற திறந்த மூலச் சேவையகத்தின் பெயர் அந்த நெறியிலிருந்து வந்ததே. மைக்ரோசாஃப்ட் 2008இல் ‘டீப் ஸூம்’ என்ற பெயரில் இதே உத்தியைப் பரவலாக்கியது. இன்று பல தளங்களில் உலாவிப் பக்கம் இயங்கும் ஓப்பன்சீட்ராகன், அந்த வழியில் வந்த திறந்த மூலக் கருவி. ஜாவாவில் எழுதப்பட்ட கேண்டலூப் போன்ற வேறு சேவையகங்களும் உள்ளன.

பிரிட்டிஷ் நூலகம், ஸ்டான்ஃபோர்டு, ஆக்ஸ்ஃபோர்டு உள்ளிட்ட நிறுவனங்கள் 2011இல் கூடித் தொடங்கிய ‘ஐஐஐஎஃப்’ என்ற பொதுத் தரமுறை இவையெல்லாவற்றையும் ஒரே மொழியில் பேசவைத்தது. அதன்படி பகுதி, அளவு, கோணம், தரம் ஆகியவை படத்தின் இணைய முகவரியிலேயே எழுதப்படுகின்றன. ஒரு நாட்டின் நூலகத்திலுள்ள சுவடியையும் இன்னொரு நாட்டின் காப்பகத்திலுள்ள சுவடியையும் ஒரே திரையில் அருகருகே வைத்து ஒப்பிட முடிவது இதனால்தான். பாடபேத ஆய்வு செய்பவர்களுக்கு இதைவிடப் பெரிய உதவி அண்மைக் காலத்தில் கிடைத்திருக்கிறதா என்பது ஐயமே.

பராமரிப்பு எங்கே தேவைப்படுகிறது

படமும் மாறவில்லை, சேவையகத்தின் நிரலையும் யாரும் தொடவில்லை என்றாலும், அதைச் சுற்றியுள்ள அனைத்தும் மாறிக்கொண்டிருக்கின்றன. நான்கு திசைகளிலிருந்து அழுத்தம் வருகிறது. அவற்றுள் முதலாவதே மிகக் கடுமையானது.

1. அடியில் இருக்கும் நிரல்தொகுப்புகள். சேவையகம் படக் கோப்புகளைத் தானே வாசிப்பதில்லை. டிஃப் கோப்புக்கு லிப்டிஃப், ஜேபெக் 2000 கோப்புக்கு ஓப்பன்ஜேபெக், வெப்பி வடிவுக்கு லிப்வெப்பி என ஒவ்வொன்றுக்கும் வேறொரு குழு எழுதிய நிரல்தொகுப்பை அது நம்பியிருக்கிறது. 2023 செப்டம்பரில் லிப்வெப்பியில் ஒரு பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. தீய நோக்குடன் தயாரிக்கப்பட்ட ஒரு படத்தைத் திறந்தாலே நினைவகத்தில் அத்துமீறி எழுத அது வழிவிட்டது. குரோம், ஃபயர்ஃபாக்ஸ் முதலிய உலாவிகள் உடனே புதுப்பிக்கப்பட்டன. ஆனால் அதே நிரல்தொகுப்பைத் தமக்குள் பொதிந்துவைத்திருந்த மற்ற மென்பொருள்களை எல்லாம் ஒவ்வொன்றாகத் தேடித் திருத்த வேண்டியிருந்தது. எந்தச் சேவையகத்துக்குள் எந்தப் பதிப்பு இருக்கிறது என்ற பட்டியல் ஒரு நிறுவனத்திடம் இல்லையென்றால், அதற்கு இந்தத் தேடலே பல வார வேலையாகிவிடும்.

2. தரமுறையின் மாற்றங்கள். ஐஐஐஎஃப் படத் தரமுறையின் மூன்றாம் பதிப்பு 2020இல் வெளிவந்தது. முழு அளவைக் கேட்க முன்பு வழங்கிய ‘ஃபுல்’ என்ற சொல் அளவுப் பகுதியில் நீக்கப்பட்டு ‘மேக்ஸ்’ மட்டுமே நிலைத்தது. 512 பிக்சல் டைலைக் கேட்கும் முகவரியின் நியம வடிவம், அதாவது ஒரே நிலையான எழுத்து முறை, முன்பு அகலத்தை மட்டும் குறித்தது. புதிய பதிப்பில் அகலமும் உயரமும் சேர்ந்தே எழுதப்படுகின்றன. பார்வைக்கு அற்பமான மாற்றம்தான். ஆனால் டைல்களை முன்கூட்டியே வெட்டி, பழைய முறையில் பெயரிட்டு அடுக்கி வைத்திருந்த தளத்தில், புதிய பெயரைக் கேட்கும் கருவிக்கு ஒரு டைலும் அகப்படாது. தொடக்கத்தில் குறிப்பிட்ட சாம்பல் கட்டத்துக்கு இத்தகைய பொருத்தமின்மையும் ஒரு காரணமாகலாம்.

3. தானியங்கி வருகையாளர்கள். செயற்கை நுண்ணறிவு மாதிரிகளுக்குத் தரவு சேகரிக்கும் நிரல்கள் இப்போது படங்களையும் திரட்டுகின்றன. 2024 ஜனவரிக்குப் பிறகு பல்லூடகக் கோப்புகளைப் பதிவிறக்கும் போக்குவரத்து 50 விழுக்காடு கூடிவிட்டதாக விக்கிமீடியா அறக்கட்டளை 2025 ஏப்ரலில் தெரிவித்தது. படச் சேவையகத்துக்கு இது இரட்டைத் துன்பம். எந்தப் பகுதியையும் எந்த அளவிலும் கேட்கலாம் என்பதால், ஒரே படத்துக்குச் சாத்தியமான முகவரிகளுக்கு எல்லையே இல்லை. ஒவ்வொரு புதிய முகவரிக்கும் கேஷ் பயன்படாமல் கணினி முழுக் கணக்கையும் மறுபடி செய்ய நேரிடும்.

4. ஆள். மேலே சொன்ன அனைத்தையும் கவனிக்கும் திறந்த மூலத் திட்டங்களில் பலவற்றை ஒருவரோ இருவரோ, பெரும்பாலும் தம் சொந்த நேரத்தில் தாங்கிக்கொண்டிருக்கிறார்கள். களைத்துப்போன ஒற்றைப் பராமரிப்பாளரிடம் உதவிக்கு வந்தவர்போல் நீண்ட காலம் பழகி, நம்பிக்கை பெற்று, எக்ஸ்ஸீ என்ற கோப்புச் சுருக்கக் கருவிக்குள் ஒருவர் ஒரு கள்ளக்கதவை, அதாவது பிறர் அறியாமல் உள்ளே நுழையும் வழியை, நுழைத்த செய்தி 2024 மார்ச்சில் வெளிவந்தது. அதற்குமுன் அக்கருவியின் பெயரைக் கேள்விப்படாதவர்களின் கணினிகளிலும் அந்தச் சுருக்கக் கருவி இருந்தது.

பராமரிப்பைத் தள்ளிப்போட்டால் என்ன நேரும் என்பதற்குப் பிரிட்டிஷ் நூலகமே எடுத்துக்காட்டு. 2023 அக்டோபரில் அது மிரட்டிப் பணம் பறிக்கும் மென்பொருளின் தாக்குதலுக்கு ஆளானது. மின்னிலக்கச் சுவடிகளைப் பார்க்கும் வசதி உட்படப் பல சேவைகள் நெடுங்காலம் முடங்கின. 2024 மார்ச்சில் நூலகம் தானே வெளியிட்ட ஆய்வறிக்கை, காலாவதியான பழைய அமைப்புகள் மீட்சியைத் தாமதப்படுத்தின என்று ஒளிவுமறைவின்றி ஒப்புக்கொண்டது. அத்தகைய அறிக்கையை வெளியிடும் துணிவு எல்லா நிறுவனங்களுக்கும் வந்துவிடாது. அதை இத்துறையினர் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும்.

புள்ளி மறையும் இடம்

தமிழ் அச்சுக்கென்று ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. பொதுவான சோதனைகளில் அது தென்படாது.

1935இல் தொடங்கப்பட்ட தமிழ் முரசு போன்ற நாளிதழின் பழைய பக்கம் ஒன்று, அங்குலத்துக்கு 400 பிக்சல் என்ற அளவில் வருடப்பட்டிருப்பதாகக் கொள்வோம். ஒரு மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 16 பிக்சல் கிடைக்கும். மெய்யெழுத்தின் தலையிலுள்ள புள்ளி 0.4 மில்லிமீட்டர் அகலம் இருந்தால், முழு அளவில் அது ஆறு பிக்சல், பாதியாக்கினால் மூன்று, காலாக்கினால் ஒன்றரை, அதற்கடுத்த அடுக்கில் ஒரு பிக்சலுக்கும் குறைவு. வாசகர் ஒரு பத்தியை வாசிக்க வசதியாகத் திரையில் நிறுத்தும் அளவு பெரும்பாலும் இந்த இரண்டாம், மூன்றாம் அடுக்குகளில்தான் விழுகிறது.

அடுக்கைச் சிறிதாக்கும் முறை இங்கே முடிவைத் தீர்மானிக்கிறது. நான்கு பிக்சல்களில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற மூன்றையும் எறிந்துவிடும் வேகமான முறையில், புள்ளி இருந்த இடம் தெரியாமல் போகலாம். நான்கின் சராசரியை எடுக்கும் முறையில் அது குறைந்தது சாம்பல் தடமாகவாவது எஞ்சும். நுண்படச் சுருளிலிருந்து கறுப்பு, வெள்ளை என இரண்டே நிலைகளில் வருடப்பட்ட பக்கங்களில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகத் தெரியும். பிறகு ஜேபெக் சுருக்கம் வருகிறது. எட்டுக்கு எட்டுப் பிக்சல் கட்டங்களாக எடுத்து, நுண்ணிய மாற்றங்களை முதலில் கைவிடுவது அதன் இயல்பு. தரத்தை மிகக் குறைத்து வைத்திருக்கும் சேவையகத்தில், எஞ்சிய தடமும் எழுத்தைச் சுற்றியுள்ள மாசோடு கலந்துவிடும்.

அச்சு வாசகர் சூழலை வைத்துச் சமாளித்துவிடுவார். ஆனால் ‘பட்டம்’ என்பதும் ‘படடம்’ என்பதும் எழுத்துணரி மென்பொருளுக்கு வெவ்வேறு சொற்கள். வாசகர் பார்க்கும் படம் தெளிவற்றிருந்தால், அம்மென்பொருள் செய்த பிழையை அவரால் சரிபார்க்கவும் இயலாது. ஆகவே தமிழ்ப் பக்கங்களை வழங்கும் சேவையகத்தில், சிறிதாக்கும் முறையும் சுருக்கத் தர எண்ணும் எவை என்று கேட்டறிவது நுணுக்கப் பிடிவாதம் ஆகாது.

மேம்பாடு என்பது எதைக் குறிக்கிறது

புதிய பொத்தான்களைச் சேர்ப்பதை மேம்பாடாக எண்ணும் வழக்கம் பொதுவாக உண்டு. படச் சேவையகத்தைப் பொறுத்தவரை பயன் மிகுந்த மேம்பாடுகள் கண்ணில் படுவதில்லை.

கோப்பு வடிவத்தை எடுத்துக்கொள்வோம். ஜேபெக் 2000 வடிவம் பல அடுக்குகளையும் இயல்பாகவே ஒரே கோப்பில் அடக்கிவிடுகிறது; இடமும் மிச்சம். ஆனால் அதைப் பிரித்து வாசிக்கக் கணினி கூடுதலாக உழைக்க வேண்டும். வேகமான ககாடு நிரல்தொகுப்புக்கு உரிமக் கட்டணம் உண்டு. கட்டணமில்லாத ஓப்பன்ஜேபெக் நெடுங்காலம் மெதுவாகவே இருந்தது. 2017இல் வந்த அதன் 2.3 பதிப்பு, கேட்ட பகுதிக்குரிய தரவை மட்டும் பிரித்து வாசிக்கக் கற்றுக்கொண்டது. அந்த மாற்றத்தைத் தன் பக்கம் பயன்படுத்திக்கொண்ட எந்தச் சேவையகமும் ஒரு புதிய வசதிகூடச் சேர்க்காமலே வேகம் பெற்றது. மறுபுறம், டைல்களாக வெட்டிய பிரமிடு டிஃப் கோப்பு இடத்தைக் கூடுதலாக எடுத்துக்கொண்டு கணினியின் உழைப்பைக் குறைக்கிறது. வட்டு விலை இறங்கியிருக்கும் இக்காலத்தில், சிறு அணியைக் கொண்ட நிறுவனத்துக்கு இரண்டாவதே பொருத்தம் என்பது என் மதிப்பீடு. விப்ஸ் என்ற திறந்த மூலக் கருவி, குறைந்த நினைவகத்தில் இத்தகைய கோப்புகளைத் தயாரித்துத் தரும்.

நினைவக வரம்பு இன்னொன்று. முழுப் படத்தையும் முழு அளவில் தரும்படி ஒருவர் கேட்டால், முன்னர் கணக்கிட்ட 3.6 கிகாபைட் ஒரே கோரிக்கைக்குச் செலவாகிவிடும். இதைத் தடுக்க, அனுப்பக்கூடிய உச்ச அகலத்தையும் உயரத்தையும் பரப்பையும் அறிவிக்க ஐஐஐஎஃப் இடம் தருகிறது. ஒரே டைலைப் பல விதமாக எழுதிக் கேட்கும் முகவரிகளை ஒரு நியம வடிவுக்குத் திருப்பிவிட்டால் கேஷின் பயன் பெருகும். இவற்றோடு, எதிர்மறை எண்கள், அளவுக்கு மீறிய எண்கள், கோப்புப் பாதையில் ஏறிச்சென்று வேறு அடைவைத் தொடும் குறிகள் ஆகியவற்றை வாயிலிலேயே மறுக்கும் சோதனைகளும் வேண்டும். முகவரியை இணையத்தில் எவரும் எழுதலாம் என்பதால் இந்த வாயில்தான் அதிகம் தாக்கப்படும் இடம்.

சிங்கப்பூரில் இதன் பொருத்தம்

தேசிய நூலக வாரியம், தேசிய ஆவணக் காப்பகம் போன்ற பெரிய அமைப்புகளிடம் தனித் தொழில்நுட்ப அணிகள் உள்ளன. சிங்கப்பூரின் கணினிப் பாதுகாப்பு அவசர உதவிக் குழுவான சிங்சர்ட் வெளியிடும் பாதுகாப்பு எச்சரிக்கைகளைக் கவனிக்க ஆள்கள் இருக்கிறார்கள். கவலைக்குரியவை சிறியவை. 1965 முதல் 2015 வரையிலான சிங்கப்பூர்த் தமிழ்ப் படைப்புகளைத் திரட்டிய தமிழ் மின்மரபுடைமைத் திட்டம், சமூகம் முனைந்தால் எவ்வளவு சேர்க்க முடியும் என்பதைக் காட்டியது. அதன் பின் தம் ஆண்டுமலர்களையும் கூட்டக் குறிப்புகளையும் நிழற்படங்களையும் மின்னிலக்கமாக்க முனையும் சங்கமோ கோயிலோ, பெரும்பாலும் ஒருமுறை கிடைக்கும் நிதியைக் கொண்டுதான் அந்த வேலையைச் செய்கிறது. வருடுவதற்குப் பணம் இருக்கும். மூன்றாம் ஆண்டில் சேவையகத்தைப் புதுப்பிக்க இருக்காது.

சில நூறு படங்கள் மட்டுமே உள்ள அமைப்புக்குச் சேவையகமே தேவையில்லை என்பதைத் தயங்காமல் சொல்லலாம். டைல்களை ஒருமுறை வெட்டிச் சாதாரண இணையக் கோப்புகளாக வைத்துவிட்டால் போதும். ஐஐஐஎஃப் தரமுறையில் இதற்குச் ‘சுழிய நிலை’ என்றே ஒரு படிநிலை உண்டு. உள்ளே நிரல் ஏதும் ஓடாததால் தாக்கவும் அதிகம் இல்லை, பராமரிக்கவும் அதிகம் இல்லை. ஒரு நிபந்தனை: தரமுறை மாறும்போது மறுபடி வெட்டுவதற்காக, சுருக்கப்படாத மூலக் கோப்புகளைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

ஆயிரக்கணக்கான பக்கங்கள் உடையவர்கள் சேவையகம் நிறுவத்தான் வேண்டியிருக்கும். அவர்கள் ஒப்பந்தத்தில் எழுதிப் பெற வேண்டியவை மூன்று.

1. எந்தச் சேவையகம், எந்தப் பதிப்பு, அடியில் எந்தெந்த நிரல்தொகுப்புகள் என்ற பட்டியலும், அது எத்தனை மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும் என்ற உறுதியும்.

2. ஒப்பந்தக்காரர் செய்யும் திருத்தங்கள் மூலத் திட்டத்துக்கே திருப்பி அனுப்பப்பட வேண்டும் என்ற விதி. ஐஐபிஇமேஜ் வெளியிடப்படும் ஜிபிஎல் உரிமம், மாற்றிய மென்பொருளைப் பிறருக்கு விநியோகித்தால்தான் மூல நிரலையும் தரச் சொல்கிறது. தன் சேவையகத்தில் மட்டும் ஓட்டுபவரை அது கட்டாயப்படுத்துவதில்லை. எனவே ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால் அந்தத் திருத்தம் ஓரிடத்தில் முடங்கும். பொதுப் பதிப்பு முன்னேற முன்னேற இந்தத் தனிப் பதிப்பு விலகிப்போய், இரண்டு மூன்று ஆண்டுகளில் புதுப்பிக்கவே முடியாத நிலைக்கு வந்துவிடும். செலவு கூடுவது பெரும்பாலும் இந்த விலகலால்தான்.

3. செலவுத் திட்டத்தில் மூலத் திட்டத்தின் பராமரிப்பாளருக்கென ஒரு சிறு பங்கு. தேவையான ஒரு வசதியை அவரிடமே கட்டணம் கொடுத்து எழுதச் சொல்வதும் பலர் அறியாத, நேரான வழி.

நிரல் எழுதத் தெரியாதவர்களும் பங்களிக்க ஓர் இடம் இருக்கிறது. இத்தகைய திட்டங்கள் ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் ஒரு தொகுப்புச் சோதனைப் படங்களை ஓட்டிப் பார்க்கின்றன. பதிப்புரிமை முடிந்த ஒரு பழந்தமிழ் அச்சுப் பக்கத்தை நல்ல தரத்தில் வருடி, எந்த அடுக்கில் எந்த வரியின் புள்ளிகள் எஞ்சியிருக்க வேண்டும் என்ற குறிப்போடு அனுப்பலாம். அது தொகுப்பில் ஏற்கப்பட்டுவிட்டால், சிறிதாக்கும் முறையை யாரேனும் மாற்றிப் புள்ளிகள் மறையும்போது, அந்த மாற்றம் வெளியீட்டுக்குப் போகும் முன்பே பராமரிப்பாளரின் திரையில் பிழையாகத் தெரிந்துவிடும்.